தோட்டம் நகரமாகும்போது: நம் இடத்தை வரைபடத்தில் பதிய வைக்கும் வழி

செம்பனைத் தோட்டம் ஒன்றை வீடமைப்புப் பகுதியாகவோ தொழிற்பேட்டையாகவோ மாற்றும் முடிவு, மரங்களை வெட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் எடுக்கப்பட்டுவிடுகிறது. லயத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு அது தெரியவரும் நேரத்தில் வேலி போட்டு அறிவிப்புப் பலகையும் நட்டாகியிருக்கும். அதற்குப் பிறகு ஆலயத்துக்காகவும் பள்ளிக்காகவும் வீட்டுக்காகவும் நடக்கும் பேச்சுவார்த்தைகளில், கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலைதான் மிஞ்சுகிறது. அந்த முடிவு இன்னும் வரைவாக இருக்கும் காலத்தில் நாம் எதைப் படிக்க வேண்டும், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எதை எழுத்தில் கேட்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் இருப்பது கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில் உள்ள பாடாங் செராய். இங்கே சொல்லப்படும் சட்டங்கள் தீபகற்ப மலேசியாவின் தோட்டப்புற ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. கோலாலம்பூருக்கு மட்டும் தனித் திட்டமிடல் சட்டம் உண்டு.

ஊர் ஏன் வளர்கிறது, விலை ஏன் ஏறுகிறது

1970இல் மலேசிய மக்களில் 28.4 விழுக்காட்டினர் மட்டுமே நகர்ப்புறங்களில் வாழ்ந்தார்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 75.1 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஐம்பதே ஆண்டுகளில் ஏற்பட்ட இந்த மாற்றத்தில், தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் தோட்டமாக இருந்த நிலம். ஷா ஆலம், சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டம். புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டம். புத்ராஜெயாவுக்காக இடம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். நாட்டின் நிர்வாகத் தலைநகர் எழுந்து நின்ற பிறகும், தரை வீடு கேட்ட அவர்களுடைய கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்டது.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய கதையன்று. 2007 வாக்கில் உலக மக்கள்தொகையில் பாதிப் பேர் நகரவாசிகளானார்கள். 2050க்குள் நகரங்களில் மேலும் 250 கோடிப் பேர் சேர்வார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பார்கள் என்றும் ஐக்கிய நாடுகள் சபை 2018இல் கணித்தது. அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது: நகரவாசிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்து லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஆகவே நகர வளர்ச்சி என்றால் டாக்காவையும் லாகோசையும் மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. பாடாங் செராய், பஹாவ், பீடோர் போன்ற ஊர்களும் அந்த வளர்ச்சிக்குள்தான் இருக்கின்றன.

வளரும் நாடுகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்து 1979இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ், 1954இலேயே இதன் அடிப்படையை விளக்கியிருந்தார். குறைந்த வருவாயில் விவசாயத்தில் தேங்கியிருக்கும் உழைப்பு, கூடுதல் ஊதியம் தரும் தொழில்துறைக்கு நகர்கிறது; அந்த நகர்வினால்தான் நாடு வளர்கிறது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட பிறகு எங்கள் வட்டாரத்தில் நடந்தது இதுவே. பால்மரத்தையும் செம்பனையையும் நம்பியிருந்த ஊர்களின் பிள்ளைகள் இன்டெல், இன்ஃபினியன் போன்ற நிறுவனங்களின் பேருந்துகளில் ஏறினார்கள். உழைப்பு நகர்வதைப் பற்றி அந்தக் கோட்பாடு தெளிவாகப் பேசுகிறது. உழைத்தவர் குடியிருந்த நிலத்தின் விலை பத்து மடங்கு ஏறும்போது அந்த உயர்வு யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை.

நில உரிமையாளர் புதிதாக ஒன்றும் செய்யாமலேயே அந்த விலை ஏறுகிறது என்பதை நினைவில் வையுங்கள். பொதுப் பணத்தில் நெடுஞ்சாலை வருகிறது. அரசாங்கம் தொழிற்பேட்டையை அறிவிக்கிறது. விவசாய நிலத்தைக் கட்டடத்துக்கு மாற்றலாம் என்று மாநில அரசு ஒப்புக்கொள்கிறது. பொது முடிவுகள் கூட்டிய மதிப்பில் ஒரு பங்கைப் பொது நன்மைக்குக் கேட்பது நியாயமானது. அதற்குச் சட்டமும் இடம் தருகிறது. நமது நகர், ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 32ஆம் பிரிவு, உள்ளூர்த் திட்டத்தினால் நிலத்தின் பயன்பாடோ அடர்த்தியோ மாறி மதிப்பு உயர்ந்தால் மேம்பாட்டுக் கட்டணம் வசூலிக்க வழி செய்கிறது. கொலம்பியா 1997ஆம் ஆண்டின் 388ஆம் சட்டத்தின் மூலம் இதே கொள்கையை நாடு முழுவதற்கும் விரித்தது. நாம் கேட்கப்போவது சலுகையன்று என்ற தெளிவு இருந்தால், மனு எழுதும் கை நடுங்காது.

நில அலுவலகத்தில் தொடங்குங்கள்

முதல் வேலை, உங்கள் தோட்டம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் பார்ப்பது. தோட்டப் பலகையில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிலத்தின் லாட் எண்ணும் முக்கிமும் (மாவட்டத்தின் உட்பிரிவு) தெரிந்தால், மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி எவரும் தனியார் தேடல் (சாரியான் பெர்செண்டிரியான்) செய்யலாம். உரிமையாளராக இருக்கத் தேவையில்லை. லாட் எண் தெரியாவிட்டால் பள்ளி நிர்வாகத்திடமோ ஆலயத்தின் பழைய கோப்புகளிலோ தேடிப் பாருங்கள். நிலவரி ரசீதின் நகல் ஒன்று பெரும்பாலும் எங்காவது இருக்கும்.

தேடலில் கிடைக்கும் தாளை மேலிருந்து கீழாக நிதானமாக வாசியுங்கள். நிலத்தின் பரப்பளவும் அது நிரந்தர உரிமையா குத்தகையா என்பதும் முதலில் இருக்கும். அடுத்து நிலப் பயன்பாட்டு வகை: விவசாயம், கட்டடம், தொழில் என்ற மூன்றில் ஒன்று. அதன் கீழே வெளிப்படை நிபந்தனை, அதாவது அந்த நிலத்தில் எதைச் செய்யலாம் என்ற வரி. அங்கே இன்னும் ரப்பர் அல்லது செம்பனை என்று இருந்தால், நில மாற்றம் இன்னும் நடக்கவில்லை. உங்களுக்குக் காலம் இருக்கிறது. கட்டடம் என்று மாறியிருந்தால், தேசிய நிலச் சட்டத்தின்படி மாற்றத்துக்கான ஒப்புதல் முடிந்துவிட்டது. இனி நகராண்மைக் கழகம் தரும் திட்ட அனுமதிக் கட்டத்தில்தான் கவனம் செலுத்த வேண்டும். கடைசியில் இருக்கும் பகுதிகளில் வங்கி அடமானமும் கேவியட் தடைப் பதிவும் குறிக்கப்பட்டிருக்கும். தோட்ட நிலத்தின் மீது திடீரென்று ஒரு மேம்பாட்டு நிறுவனம் கேவியட் போட்டிருந்தால், விற்பனை ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஊரில் யாரும் வாய் திறக்காத காலத்திலும் அந்த ஒரு வரி பேசிவிடும்.

விற்பனையைப் பற்றி இன்னொரு சட்டப் பிரிவையும் அறிந்து வையுங்கள். 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலம், தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நிலமாகக் கருதப்படுகிறது. அதைக் கைமாற்ற மாநிலத்தின் தோட்ட நில வாரியம் ஒப்புதல் தர வேண்டும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த வேதனையின் பின்னணியில் பிறந்த பாதுகாப்பு இது. அதே காலத்தில்தான் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்க்கும் பணத்தில் தோட்டங்களை வாங்கும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கினார். அந்தச் சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டம் எங்கள் கெடா மாநிலத்தில்தான் இருக்கிறது. இன்றைய நில விலையில் அப்படி வாங்குவது கடினம். ஆனாலும் கைமாற்ற விண்ணப்பம் மாநில அரசின் மேசையில் இருக்கும் நாட்களில், தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, ஆலயம், இடுகாடு ஆகிய நான்கையும் பட்டியலிட்டு வாரியத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கடிதம் கொடுத்துவிட்டால், பின்னால் வருபவர் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

உள்ளூர்த் திட்டத்தை வாசிப்பது

1976ஆம் ஆண்டின் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், நாட்டின் நிலப் பயன்பாட்டை மூன்று படிகளில் தீர்மானிக்கிறது. நாட்டுக்கு ஒரு தேசியத் திட்டம், மாநிலத்துக்கு ஒரு கட்டமைப்புத் திட்டம், நகராண்மைக் கழகத்துக்கோ மாவட்ட மன்றத்துக்கோ உட்பட்ட பகுதிக்கு ஓர் உள்ளூர்த் திட்டம் (ரஞ்சாங்கான் தெம்பாத்தான்). முதல் இரண்டையும் ஒரு முறை புரட்டினால் போதும். நம் வாழ்க்கையைத் தொடுவது மூன்றாவது. அதில்தான் ஒவ்வொரு லாட்டும் எந்த மண்டலத்தில் விழுகிறது என்பது தெரியும்.

நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவிலோ மாநிலத்தின் பிளான்மலேசியா (நகர், ஊரகத் திட்டமிடல் துறை) அலுவலகத்திலோ அதைப் பார்க்கலாம். பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணையத் தளத்தில் இன்றைய நிலப் பயன்பாட்டையும் மண்டலத்தையும் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. வரைபடத்தைத் திறந்ததும் உங்கள் தோட்டத்தைத் தேடாதீர்கள். முதலில் ஓரத்தில் இருக்கும் வண்ணக் குறிப்பைப் படியுங்கள். பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தை, காவல் நிலையத்தையோ இரட்டைச் சாலைச் சந்திப்பையோ கண்டுபிடித்து, அங்கிருந்து சாலையைப் பிடித்துக்கொண்டே தோட்டத்துக்கு வாருங்கள். வந்து சேர்ந்ததும் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ஒன்று இன்றைய நிலப் பயன்பாட்டு வரைபடம், மற்றொன்று முன்மொழியப்பட்ட மண்டல வரைபடம். இன்றைய வரைபடத்தில் விவசாயமாக இருந்து, முன்மொழிவில் குடியிருப்பாகவோ தொழிலாகவோ மாறியிருக்கும் ஒவ்வொரு துண்டையும் பென்சிலால் சுற்றுங்கள். அந்த வட்டங்களுக்குள் நம் லயம் எங்கே இருக்கிறது, பள்ளி எங்கே, ஆலயம் எங்கே என்று புள்ளி வையுங்கள்.

இந்தப் புள்ளிகளை வைக்கும்போதுதான் பலருக்கு நெஞ்சு திக்கென்று ஆகும். எண்பது ஆண்டுகளாக நிற்கும் ஆலயமும், மூன்று தலைமுறை படித்த பள்ளியும் வரைபடத்தில் தனி அடையாளம் இல்லாமல், சுற்றியிருக்கும் மண்டலத்தின் நிறத்திலேயே கரைந்து கிடக்கலாம். தோட்ட நிலத்தில் இருப்பவற்றுக்குத் தனிப் பத்திரமோ அரசிதழில் வெளியான பொது ஒதுக்கீடோ இல்லாததே பெரும்பாலும் அதற்குக் காரணம். வரைபடத்தில் இல்லாத ஒன்றைக் காப்பாற்ற மேம்பாட்டு நிறுவனத்துக்கு எந்தக் கடமையும் இல்லை. ஆகவே நம் மனுவின் முதல் கோரிக்கை எதுவாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பென்சில் புள்ளிகளிலேயே தெரிந்துவிடும்.

ஆட்சேப மனு எழுதுவது

வரைவு உள்ளூர்த் திட்டம் தயாரானதும், 172ஆம் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அதை நகராண்மைக் கழகம் மக்கள் பார்வைக்கு வைத்து, நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். கருத்தும் ஆட்சேபமும் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தரப்பட வேண்டும். ஆட்சேபம் தெரிவித்தவர்களை நேரில் கேட்பதற்கு ஒரு குழு அமைக்கப்படும். அதன் பிறகே மாநிலத் திட்டக் குழு ஒப்புதல் தந்து, திட்டம் அரசிதழில் வெளியாகும்.

தோட்டப்புற மக்களுக்கு இந்த நான்கு வாரத்தின் அருமை வேறு யாருக்கும் இல்லாத அளவுக்குப் பெரியது. அதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. பின்னால் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு அனுமதி கேட்கப்படும்போது, 21ஆம் பிரிவின்படி ஆட்சேபம் கேட்டு அறிவிப்புப் பெறும் உரிமை அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கே உண்டு. அதுவும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மட்டும், 21 நாள் அவகாசத்தோடு. லயத்தில் குடியிருப்பவர் உரிமையாளர் அல்லர். பத்திரமில்லாத ஆலயமும் உரிமையாளர் அன்று. அந்த வாசல் நமக்கு மூடியே இருக்கிறது. வரைவுத் திட்டத்தின் வாசலோ, நிலம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த திட்டம் வரும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் தோட்டம் இருக்காது.

நாளிதழ் அறிவிப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திட்டமிடல் பிரிவின் முகப்பில் போய், உள்ளூர்த் திட்டம் மறுஆய்வுக்கு வருகிறதா என்று கேட்கும் பொறுப்பை ஒரு இளைஞரிடமோ ஆசிரியரிடமோ ஒப்படையுங்கள். உள்ளூராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி நகராண்மைக் கழகத்தின் முழு மன்றக் கூட்டம், மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் தவிர, பொதுமக்கள் பார்வையாளராக அமரக்கூடிய கூட்டம் என்பதும் பலருக்குத் தெரியாது. 1965இல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டதிலிருந்து மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமித்து வருகிறது. வாக்கு கேட்டு அவர்கள் நம் லயத்துக்கு வரப்போவதில்லை என்பதால், நாம்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. பின்வரிசையில் நான்கு பேர் அமைதியாக அமர்ந்து குறிப்பு எடுத்தாலே, அந்த வட்டார உறுப்பினர் அடுத்த முறை நம்மிடம் வந்து பேசுவார்.

மனுவை மலாய் மொழியில் எழுதுங்கள். ஒரு கோரிக்கைக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் திணித்தால் குழு எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். "எங்கள் தோட்டம் அழியக் கூடாது, எங்கள் மூதாதையர் இரத்தம் சிந்திய மண்" என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் அதைப் படிக்கும் திட்டமிடல் அதிகாரி வரைபடத்தில் எதையும் மாற்ற முடியாது. மாறாக இப்படி எழுதுங்கள்: "இன்ன திட்டத் தொகுதியில், இன்ன லாட்டில், சாலையோரமாக இருக்கும் தமிழ்ப்பள்ளி இப்போது குடியிருப்பு மண்டலமாகக் காட்டப்பட்டுள்ளது. பள்ளியும் அதன் திடலும் இருக்கும் இடத்தைக் கல்வி நிலையத்துக்கான மண்டலமாக மாற்றும்படி கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: பள்ளியின் பதிவுச் சான்று, மாணவர் எண்ணிக்கை, இடத்தைக் குறித்த வரைபடம், நான்கு புகைப்படங்கள்." எந்த இடம், இப்போது என்ன, என்னவாக வேண்டும், என்ன சான்று: இந்த நான்கும் இருக்கும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

ஒரே கடிதத்தை நூறு பேர் கையெழுத்திட்டுத் தருவதைவிட, பள்ளி மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலய நிர்வாகம், தொழிற்சங்கக் கிளை, குடியிருப்பாளர்கள் என்று தனித்தனியாகத் தரும் ஐந்து மனுக்களுக்கு மதிப்பு அதிகம். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். நேரில் விளக்கமளிக்க விரும்புகிறோம் என்ற வரியையும் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். விசாரணை நாளில் ஒருவரே எல்லாவற்றையும் பேச வேண்டியதில்லை. பள்ளியைப் பற்றித் தலைமை ஆசிரியரோ வாரியத் தலைவரோ பேசட்டும், வீட்டைப் பற்றி அங்கே குடியிருக்கும் ஓர் அம்மா பேசட்டும்.

எதை முதலில் கேட்பது

கேட்க வேண்டியவை நிறைய இருக்கும், எல்லாம் கிடைக்காது. என் கருத்தில் வீடு முதலிடம் பெற வேண்டும், பள்ளி நிலம் அடுத்தது, பேருந்தும் சந்தையும் மூன்றாவது. பொது மண்டபத்தை மேம்பாட்டு நிறுவனங்கள் தாமாகவே முன்வந்து தருகின்றன. அதன் விலை அவர்களுக்குக் குறைவு, திறப்பு விழாவில் எடுக்கும் படமும் அழகாக இருக்கும். அதைப் பெற்றுக்கொண்டு வீட்டை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் அந்த வீடு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, வேலை முடிந்தபின் அதில் இருக்கும் உரிமையைத் தருவதில்லை. ஆகவே தொழிலாளர்களுக்கு வீடு கட்டித் தருவோம் என்ற வாக்குறுதி கூட்டத்தில் சொல்லப்பட்டால் போதாது. அது திட்ட அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்றாக எழுதப்பட வேண்டும். எத்தனை வீடு, எந்த லாட்டில், தரை வீடா அடுக்குமாடியா, என்ன விலை, திட்டத்தின் எந்தக் கட்டத்தில் முடிக்கப்படும் என்ற ஐந்தும் அந்த நிபந்தனையில் இருக்கட்டும். இவற்றில் கடைசியானதைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். முதல் கட்டத்திலேயே தொழிலாளர் வீடுகள் முடிய வேண்டும் என்று இல்லாவிட்டால், அவை எப்போதும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்படும். அதற்குள் பாதிக் குடும்பங்கள் வாடகை வீடு தேடிக் கலைந்துவிடும்.

பள்ளிக்கும் ஆலயத்துக்கும் வேண்டியது நிலப் பதிவு. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி அரசு நிலத்தைப் பொது நோக்கத்துக்காக ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கலாம். தோட்டத்தை வீடமைப்பாக மாற்றும்போது சாலைக்கும் திடலுக்குமாக ஒரு பகுதி நிலம் மாநில அரசிடம் ஒப்படைக்கப்படும். அந்த ஒப்படைப்பிலேயே பள்ளிக்கும் ஆலயத்துக்கும் உரிய துண்டுகளையும் சேர்த்துவிட்டால் பிறகு ஒதுக்கீடு செய்வது எளிது. இருக்கும் இடத்திலேயே ஆலயம் தொடர முடியாத நிலை உண்மையிலேயே இருந்தால், மாற்று நிலத்தின் பத்திரம் கையில் வருவதற்கு முன் பழைய இடத்திலிருந்து ஒரு செங்கல்லையும் அசைக்கச் சம்மதிக்காதீர்கள். இடுகாட்டையும் மறந்துவிடக் கூடாது. அதற்காகப் பேச உயிரோடு இருப்பவர்கள்தான் முன்வர வேண்டும்.

பேருந்து சிறிய கோரிக்கையாகத் தெரியலாம். ஆனால் நகர வளர்ச்சியின் பயன் ஒரு குடும்பத்துக்குள் வருமா வராதா என்பதைப் பல நேரங்களில் அதுவே தீர்மானிக்கிறது. தொழிற்பேட்டை பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தும், இரவு வேலை முடிந்து வீடு திரும்ப வழி இல்லாததால் வேலையை விட்ட பெண்களை எங்கள் ஊரில் எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளை நம்பியிருக்கும் இளைஞர்கள் அதிகாலைச் சாலையில் லாரிகளோடு போட்டியிடுகிறார்கள். உள்ளூர்த் திட்டத்தில் பேருந்து நிறுத்தம், நடைபாதை, சந்தை, சிறு தொழில் மனைகள் ஆகியவற்றுக்கு இடம் கேளுங்கள். பட்டறை வைத்திருப்பவருக்கும் பலகாரம் செய்து விற்பவருக்கும், பெரிய கடைவரிசையின் வாடகை எட்டாத உயரம். அங்காடி நிலையமும் சிறு மனைகளும் வரைபடத்தில் இருந்தால்தான் வளரும் ஊரில் நம் வியாபாரமும் வளரும்.

வேலையும் இழப்பீடும்

தோட்டம் மூடப்படும்போது, தொழிலாளர்களின் பணிநீக்க இழப்பீடு 1980ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி கணக்கிடப்பட வேண்டும். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் ஊதியம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் செய்தவருக்கு 15 நாள், ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் செய்தவருக்கு 10 நாள். இதைத் தவிர நான்கு முதல் எட்டு வாரம்வரை முன்னறிவிப்பும் உண்டு. தோட்டம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறி, புதிய முதலாளி ஏழு நாளுக்குள் முன்பு இருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்தால், இழப்பீடு கேட்க முடியாது. கையெழுத்து வாங்க வரும் தாள் இரண்டில் எதைச் சேர்ந்தது என்று தெரியாமல் கையெழுத்திடக் கூடாது. ஊதியச் சீட்டுகளையும் வேலைக்குச் சேர்ந்த தேதிக்கான சான்றையும் இப்போதே சேர்த்து வைத்து, சந்தேகம் இருந்தால் தொழிற்சங்கக் கிளையிடமோ ஆள்பலத் துறையிடமோ காட்டுங்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, தொழிற்பேட்டை வருகிறது என்ற செய்தி வந்த ஆண்டிலேயே பயிற்சியைத் தொடங்க வேண்டும். கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக்கும் அட்டெக் தொழிற்பயிற்சி மையமும் இருக்கின்றன. தொழிற்சாலையின் வாசலில் ஆள்சேர்ப்பு முகவரிடம் பெயர் கொடுப்பவருக்கும், பராமரிப்புத் தொழில்நுட்பச் சான்றிதழோடு போகிறவருக்கும் இடையே உள்ள ஊதிய வேறுபாடு வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. சிறு வியாபாரம் தொடங்க விரும்புபவர்கள் அரசின் சிறுகடன் நிறுவனமான தெக்குன், இந்தியத் தொழில்முனைவோருக்கு வழங்கும் ஸ்புமி கடனுதவியைப் பற்றி அதன் கிளை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அனுமதி கிடைத்த பிறகு

உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளியானதும், உங்கள் பகுதியைக் காட்டும் பக்கங்களின் நகலை வாங்கி, கொடுத்த மனுக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கப்பட்டவை, மறுக்கப்பட்டவை, பதிலே இல்லாதவை என்று பிரித்து எழுதிப் பள்ளியிலும் ஆலயத்திலும் தொங்கவிடுங்கள். பிறகு திட்ட அனுமதிக்கான விண்ணப்பம் எப்போது வருகிறது என்பதை நகராண்மைக் கழகத்தில் விண்ணப்பங்களை ஒரே இடத்தில் பெறும் ஓஎஸ்சி பிரிவில் தொடர்ந்து விசாரித்து வாருங்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் குடியேறும் புதிய நகரமாகவோ நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட திட்டமாகவோ இருந்தால், மாநிலத் திட்டக் குழு தேசியத் திட்ட மன்றத்தின் ஆலோசனையையும் பெற வேண்டும். அத்தகைய பெரிய திட்டமாக இருந்தால் உங்கள் மனுவின் நகலை நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.

அனுமதிக் கடிதம் வெளியானதும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குப் பிறகு வரும் திருத்த விண்ணப்பங்களில்தான் பள்ளித் திடல் ஒரு மூலையில் சுருங்குவதும், தொழிலாளர் வீடுகள் ஆற்றோரத்துக்குத் தள்ளப்படுவதும், பத்து விழுக்காடு திறந்தவெளியாக விட வேண்டிய இடத்தில் மின்கம்ப வழியும் வெள்ளநீர்க் குளமும் கணக்கில் சேர்க்கப்படுவதும் நடக்கும். முதலில் ஒப்புதல் பெற்ற மனைவரைவின் நகல் ஒன்று உங்கள் கையில் இருந்தால், ஒவ்வொரு திருத்தத்தையும் அதன் மேல் வைத்துப் பார்த்து, நகர்ந்த கோட்டைச் சுட்டிக்காட்டி, தேதி முத்திரையோடு மறுப்புக் கடிதம் கொடுக்கலாம். அந்த நகல்களைத் தனி மனிதர் எவரது வீட்டிலும் வைக்காமல், பள்ளி மேலாளர் வாரியத்தின் கோப்பில் ஒன்றும் ஆலயத்தின் கோப்பில் ஒன்றுமாக வைத்து, பொறுப்பாளர்கள் மாறும்போது கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.